நஞ்சின் தடம் கண்ட நங்கை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் 1907 மே 27 அன்று பிறந்தார் ரேச்சல் கார்சன். எழுத்தாளராகும் கனவுடன் ஆங்கில இலக்கியம் பயிலச் சென்றவர், இடையில் உயிரியலுக்கு மாறினார். (இலக்கிய மாணவர்கள் வருந்த வேண்டா, அவர் பேனாவைக் கைவிடவில்லை!) 1932இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் முதுகலைப் பட்டம் பெற்றார். தந்தை மறைந்தார், தமக்கையும் மறையவே, அவருடைய பெண்மக்கள் இருவரையும் வளர்க்கும் பொறுப்பு சேர்ந்தது. அரசு மீன்வளத் துறைப் பணியே குடும்பத்தைக் காத்தது. கடலைப் பற்றிய நூல் 1951இல் பெரும்புகழ் தர, மறு ஆண்டே பணியைத் துறந்தார்.

அவரை உலகம் நினைப்பது 1962இல் வெளிவந்த 'மௌன வசந்தம்' நூலால். பறவைகள் மடிந்த கதையைப் பலரும் அறிவர். அதே நூலில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு.

டி.டி.டி.யின் நெருங்கிய உறவான பூச்சிக்கொல்லி ஒன்று ரோத்தேன் என்ற பெயரில் விற்கப்பட்டது. மீன்களுக்குத் தீங்கு குறைவு என்று நம்பி, கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில் 1949இல் அதைத் தெளித்தனர். அளவு, 7 கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு! ஆனால் அது நீரிலிருந்து நுண்ணுயிருக்கும், மீனுக்கும், மீனை உண்ட முக்குளிப்பான் பறவைக்கும் ஏறிப் பெருகியது.

அக்காலத்தில்தான் ஆய்வுக்கூட நாய்களில் ஒரு விந்தை தெரிந்தது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்த அட்ரினல் சுரப்பியின் புறணி, ரோத்தேன் உண்ட நாய்களில் அழிந்து சுருங்கியது. பசி, காயம், அச்சம் என எந்த நெருக்கடியிலும் உடலைத் தாங்கும் கார்ட்டிசால் ஊறுவது அங்கேதான். மூளையடியிலுள்ள பிட்யூட்டரி எத்துணை ஆணையிட்டாலும், கேட்டுச் சுரக்கச் செல்கள் இல்லை. எலி, முயல், குரங்கு ஆகியவற்றில் இக்கேடு தென்படாததால், நாய்க்கு மட்டுமே உரியது என்று முதலில் எண்ணினர். எலியை மட்டும் சோதித்திருந்தால் என்னவாகியிருக்கும்! பின்னர் மனிதரின் அட்ரினல் புற்றுநோய்க்கே அதன் ஒரு வடிவம் மருந்தாயிற்று. மைட்டோடேன் என்ற அம்மருந்தை உண்போர், குறைந்துபோகும் ஹார்மோனை மாத்திரையாகப் பெற வேண்டும். நாயின் சுரப்பி சொன்னது மனிதருக்கும் பொருந்திற்று என்பதைக் கார்சன் தவறாமல் எடுத்துக்காட்டினார்.

இதையெல்லாம் எழுதிய நாளில் அவர் உடலிலேயே புற்றுநோய் பரவிக்கொண்டிருந்தது. 1960இல் மார்பில் அறுவை நடந்தது. வெளியே சொல்லவில்லை, சொந்த வேதனையால் எழுதுகிறார் என்று எதிர்த்தரப்பார் தூற்றுவரன்றோ! இரசாயன நிறுவனங்களின் ஏச்சுக்குக் குறைவில்லை. 1963 மே மாதம் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு அவர் கூற்றுக்கு வலுவூட்டியது. ஜூன் மாதம், நோய் முற்றிய நிலையிலும் செனட் குழுவின் முன் சாட்சியமளித்தார்.

1964 ஏப்ரல் 14 அன்று, 56ஆம் வயதில் மறைந்தார். அமெரிக்காவில் பயிர்களுக்கு டி.டி.டி. தெளிப்பது தடை செய்யப்பட்டது 1972இல்.