கோப்பியை அழித்தது எது? பேராதனையில் மார்ஷல் வோர்ட்

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாக மாத்தளைக்குப் போகும் ரயில் பாதை 1880ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. தோட்டங்களின் கோப்பியை இறக்குவதே அதன் பெரிய நோக்கம். ஆனால் ரயில் ஓடத் தொடங்கியபோது கோப்பிக்கே உயிர் ஊசலாடிக் கொண்டிருந்தது. அதே ஆண்டில்தான் ஹெரி மார்ஷல் வோர்ட் என்ற இளைஞர் பேராதனைக்கு வந்து சேர்ந்தார்.

1854இல் இங்கிலாந்தின் ஹெரிஃபர்டில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, ஜெர்மனியிலும் கொஞ்ச காலம் கற்ற கையோடு, கோப்பி நோயை ஆராய அரசாங்கம் அவரை இங்கு அனுப்பியது.

1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் முதலில் தென்பட்ட நோய் அது. இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படியும், இலை உதிரும், காய்ப்புக் குறையும். நோயுற்ற இலைகளை பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் த்வைட்ஸ் இங்கிலாந்துக்கு அனுப்ப, பார்க்லி என்ற பாதிரியார் அது புதிய பங்கசு என்று கண்டு பெயரும் வைத்தார். ஆண்டுக்கு 10 கோடி இறாத்தலுக்கு மேல் கோப்பி ஏற்றுமதி செய்த நாடு இது. தோட்டத் துரைமாரும் வங்கிகளும் மட்டுமல்ல, தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரும், தவளம் ஓட்டிச் சரக்குச் சுமந்த எம்மவர்களும் அதை நம்பியே வாழ்ந்தார்கள்.

பங்கசுக்குப் பெயர் வைத்ததால் வழக்கு முடிந்துவிடவில்லை. மழையும் காற்றும்தான் காரணம், மண் சத்திழந்துவிட்டது, மரம் தளர்ந்த பிறகுதான் பங்கசு ஒட்டுகிறது என்று பலர் நம்பினார்கள். பருவமழையோடு நோய் கூடியதை அவர்கள் கண்ணாலேயே பார்த்தவர்கள், ஆகவே அதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. நோயுற்ற இலையில் பங்கசு இருப்பதை நுணுக்குக்காட்டியில் காட்டினாலும் பயனில்லை. உக்கிய மரத்தில் காளான் முளைப்பதைப் போலத்தான் இதுவும் என்று பதில் வரும்.

எனவே இரண்டு விளக்கங்களும் எங்கே பிரிகின்றன என்று வோர்ட் பார்த்தார். தளர்ச்சிதான் காரணம் என்றால், நல்ல மரத்தின் இலையில் வித்தியை வைத்தாலும் ஒன்றும் நடக்கக் கூடாது. அவர் ஆரோக்கியமான இலைகளின் அடிப்புறத்தில் நீர்த்துளியோடு வித்திகளை வைத்தார். வித்தி முளைத்து, இலையின் சுவாசத் துளை வழியே உள்ளே நுழைவதைப் பின்தொடர்ந்து பார்த்தார். சில வாரங்களில் வைத்த இடத்திலேயே புள்ளி தோன்றியது. பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் தொங்கவிட்டு, காற்று வித்திகளைச் சுமந்து வருவதையும் காட்டினார்.

எதிர்த் தரப்பின் அவதானத்தை அவர் தூக்கி எறியவில்லை. முளைக்க ஈரம் வேண்டும், பரவக் காற்று வேண்டும். மழைக்காலத்தில் நோய் ஏன் கூடுகிறது என்பதற்கு இதிலேயே விடை இருந்தது. மழைக் கருத்தால் பங்கசை விளக்க முடியவில்லை, பங்குசுக் கருத்தாலோ மழையையும் விளக்க முடிந்தது. என் பார்வையில் தராசு சாய்ந்தது இங்கேதான்.

2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கொவிட் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட நாட்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அடக்கினால் நிலத்தடி நீரில் வைரஸ் பரவும் என்பதும் ஒரு விளக்கம்தான். உலக சுகாதார ஸ்தாபனம் அடக்கத்தையும் அனுமதித்திருந்தும், சோதித்துப் பாராமலே அந்த விளக்கம் சட்டமாயிற்று. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தபோது எரிந்தவை எரிந்து போயிருந்தன.

வோர்டுக்கும் கைதட்டல் கிடைக்கவில்லை. துரைமார் கேட்டது மருந்து. அவரிடம் இருந்தது காரணம். மரத்தின் வெளிப்புறத்தில் தெரியும் இழைகளே நோய், அவற்றில் கந்தகமும் சுண்ணாம்பும் தூவினால் போதும் என்று முன்னர் டேனியல் மொரிஸ் என்ற தாவரவியலாளர் நம்பிக்கை கொடுத்திருந்தார். அந்த இழைகள் வேறொரு பங்கசுக்குரியவை என்று வோர்ட் காட்டியதால் இருந்த நம்பிக்கையும் போனது. மலை மலையாக ஒரே பயிர் நட்டதே நோய்க்கு வழிவிட்டது என்ற பேச்சையும், காற்றைத் தடுக்க இடையிடையே வேறு மரங்கள் நடுங்கள் என்ற யோசனையையும் யார் விரும்புவார்கள்?

1882இல் திரும்பிச் சென்றார். 1895இல் கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியரானார். 1906இல், 52 வயதில் இறந்தார்.

வித்தி உள்ளே நுழையுமுன் இலையின் மேலேயே தடுக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆய்வு காட்டிய வழி. அதற்கேற்ற செப்புக் கலவையை பிரான்சில் மில்லார்டே 1885இல் வெளியிட்டார், அது திராட்சைக் கொடிகளுக்காக. அதற்குள் இங்கே கோப்பி மரங்களைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நடத் தொடங்கிவிட்டார்கள்.