வாசிக்கத் தெரியாத கிடார் மேதை

புகழ்பெற்ற மின்கிடார்களை உருவாக்கிய லியோ பெண்டருக்கு, கிடார் வாசிக்கத் தெரியாது என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 1909ல் பிறந்தார் லியோ. சிறு வயதிலேயே ஒரு கண்ணை இழந்தார். படித்தது கணக்குப்பதிவியல், மனம் போனதோ ரேடியோ பக்கம். 1938ல், புல்லர்டன் நகரில் ரேடியோ பழுது பார்க்கும் கடை திறந்தார்.

1950ல், அவரது மின்கிடார் விற்பனைக்கு வந்தது. அதில் இருந்த, 'பிக்கப்' என்ன தெரியுமா? காந்தத்தைச் சுற்றி, மெல்லிய செம்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்று சுற்றியிருப்பர். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால், கம்பிச் சுருளில் மின்சாரம் உண்டாகும். அதைப் பெருக்கினால் இசை ஒலிக்கும்.

தந்திகளைத் தாங்கும் பகுதி, 'பிரிட்ஜ்!' அதில் இருந்தவை மூன்று தாங்கிகள்; தந்திகளோ ஆறு. ஒரு தந்தியின் சுருதியைத் திருத்தினால், அதே தாங்கியில் உள்ள மற்றொன்று பிசகியது. இசைக் கலைஞர்கள் குறை கூறினர். லியோ காது கொடுத்துக் கேட்டார்.

1954ல், 'ஸ்ட்ராடோகாஸ்டர்' கிடார் பிறந்தது. இதில் தந்திக்கு ஒன்றாக ஆறு தாங்கிகள்; பிக்கப்புகளும் மூன்று!

உடல்நலம் குன்றியதால், 1965ல் நிறுவனத்தை விற்றார். நலமடைந்ததும், மீண்டும் பட்டறைக்கே திரும்பினார். பார்க்கின்சன் நோய் வாட்டியபோதும், 1991ல் மறையும் வரை கிடார்களை மேம்படுத்தி வந்தார்.

உங்கள் விடைத்தாளில் ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தினால், முகம் வாடாதீர்கள். எந்த இடத்தில் தவறு என்று பாருங்கள். அடுத்த முறை சரி செய்து காட்டுங்கள்!