வாந்திக்குப் பிறகு நெஞ்சுவலியா? 300 வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் எழுதிவைத்த பாடம்

ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் இருக்கிறீர்களா? வீட்டை விட்டு இறங்கி, இன்னும் வீடு கட்டாத காலி மனை ஏதாவது இருந்தால் கொஞ்சம் குனிந்து பாருங்கள். தரையோடு தரையாகப் படர்ந்து, கடுகு மாதிரி குட்டிக் குட்டி இளஞ்சிவப்புப் பூவோடு ஒரு கொடி கண்ணில் படலாம். மூக்கிரட்டை. நம்ம பாட்டிமார்கள் பறித்துவந்து சமைக்கிற அதே கீரைதான். தாவரவியல் புத்தகத்தில் அதற்குப் பெயர் போயர்ஹாவியா டிஃபியூசா.

யாருங்க இந்தப் போயர்ஹாவே? ஒரு டச்சு டாக்டர். கீரைக்கு மட்டுமில்லை, எமர்ஜென்சி வார்டில் டாக்டர்களையே பதறவைக்கிற ஒரு நோய்க்கும் அவர் பெயர்தான். பலமாக வாந்தி எடுக்கும்போது உணவுக்குழாய் கிழிந்துபோகிற நோய் அது. அதை முதன்முதலில் கண்டுபிடித்து எழுதியவர் அவர். ஆனால், நோயாளி உயிரோடு இருந்தபோது அவராலேயே அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கதையே அங்கேதான் இருக்கிறது.

காலில் புண்ணோடு ஒரு சிறுவன்

ஹெர்மன் போயர்ஹாவே பிறந்தது 1668 டிசம்பர் 31. நெதர்லாந்தில் லைடன் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள வோர்ஹவுட் என்ற கிராமம். அப்பா தேவாலயப் போதகர். மகனும் அதே வழியில் வரவேண்டும் என்பது அப்பாவின் ஆசை. சின்ன வயதிலேயே அம்மாவை இழந்த ஹெர்மனுக்கு, 12 வயதில் இடது தொடையில் ஒரு பொல்லாத புண் வந்தது. டாக்டர்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். வருஷக்கணக்கில் ஆறவில்லை. கடைசியில், உப்பையும் சிறுநீரையும் கலந்து தானே கழுவிக் கழுவி ஆற்றிக்கொண்டான் பையன். மருத்துவத்தின் மேல் அவனுக்கு ஆசை விழுந்தது அப்போதுதான் என்பார்கள்.

முதலில் தத்துவம் படித்து 1690-ல் பட்டம் வாங்கினார். 1693-ல் மருத்துவப் பட்டம். 1709-ல் லைடன் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்கும் தாவரவியலுக்கும் பேராசிரியர். 1718-ல் வேதியியலும் சேர்ந்துகொண்டது. ஒரே ஆள், மூன்று துறை!

இன்றைக்கு நம்ம ஊர் அரசு மருத்துவமனைகளில் காலையில் ஒரு பெரிய டாக்டர் முன்னால் போக, பின்னாலேயே மாணவர்கள் கூட்டமாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கட்டில் கட்டிலாக நின்று, நோயாளியிடம் கேட்டு, தொட்டுப் பார்த்துப் பாடம் நடத்துவார்கள். அந்த முறையை ஐரோப்பாவெங்கும் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் போயர்ஹாவே. அவர் கையில் இருந்தது வெறும் 12 கட்டில். ஆண்களுக்கு 6, பெண்களுக்கு 6. அந்தப் பன்னிரண்டைப் பார்த்துப் படிக்க ஐரோப்பா முழுவதிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். சீனாவிலிருந்து ஒருவர், ஐரோப்பாவில் உள்ள டாக்டர் போயர்ஹாவே என்று மட்டும் விலாசம் எழுதிப் போட்ட கடிதம் அவர் வீட்டுக்குச் சரியாக வந்து சேர்ந்தது என்று ஒரு கதைகூட உண்டு.

1723 அக்டோபர் ராத்திரி

நமக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை வைத்து வியாபாரம் செய்துகொண்டிருந்த காலம் அது. அவர்களுடைய தாய்நாட்டில், கடற்படையில் பெரிய பதவியில் இருந்தவர் யான் வான் வாஸெனார் என்ற பிரபு. நல்ல சாப்பாட்டுப் பிரியர். வயிறுமுட்டச் சாப்பிட்டுவிட்டு, பாரமாக இருந்தால் மருந்து குடித்து வாந்தி எடுத்துவிடுவது அவர் வழக்கம். விருந்து சாப்பிட்டு வந்து, வயிறு மந்தமா இருக்குன்னு உப்புத் தண்ணி குடிச்சு, தொண்டையில் விரலை விடுகிற ஆட்களை நமக்கும் தெரியும்தானே? அதே கதைதான்.

1723 அக்டோபர் 29. அன்றைய சாப்பாட்டில் வாத்துக்கறியும் இருந்தது. இரவு, வழக்கம்போல வாந்திக்கான மூலிகைக் கஷாயத்தைக் கப் கப்பாகக் குடித்தார். சரியாக வரவில்லை. முக்கி முக்கி வாந்தி எடுக்க முயன்றபோது, திடீரென்று வீடே அதிரும்படி ஓர் அலறல். வயிற்றுக்கு மேலே உள்ளுக்குள் ஏதோ கிழிந்துவிட்டது, இனி பிழைக்க மாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார்.

வலி முதுகுக்கும் நெஞ்சுக்கும் பரவியது. படுக்க முடியவில்லை. முன்னால் குனிந்து உட்கார்ந்தவரை வேலைக்காரர்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். முதலில் வந்த டாக்டரால் முடியாமல், போயர்ஹாவேவுக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வந்து பார்த்தார், கேட்டார், யோசித்தார். அவருக்குத் தெரிந்த எந்த நோயோடும் இது பொருந்தவில்லை. இதற்கிடையில் நோயாளியின் வாய்க்குள் ஆலிவ் எண்ணெயும் பீரும் போயிருந்தன. வலி ஆரம்பித்து ஒரு முழு நாள்கூட ஆகவில்லை, பிரபு இறந்துபோனார்.

வாத்துக்கறி வாசனை

போயர்ஹாவே அத்தோடு விட்டுவிடவில்லை. உடலை அறுத்துப் பார்த்தார். தோலுக்கு அடியில் காற்று புகுந்திருந்தது. வயிற்றில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சைத் திறந்ததும் வந்தது வாத்துக்கறி வாசனை! நுரையீரல் சுருங்கிக் கிடந்தது. சுற்றிலும் தேங்கியிருந்த திரவத்தில் குடித்த எண்ணெய் மிதந்தது. தேடிப் பார்த்தால், உதரவிதானத்துக்குச் சற்று மேலே உணவுக்குழாய் கிழிந்திருந்தது. சாப்பிட்டதும் குடித்ததும் வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்குள் கொட்டியிருக்கிறது.

இந்த இடத்தில் அவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஐரோப்பாவிலேயே பெரிய டாக்டர். இறந்தவரோ பெரிய இடம். விதி முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் செய்தது வேறு. எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார், எப்போது அலறினார், தான் என்ன நினைத்தேன், என்ன கொடுத்தேன், உள்ளே என்ன பார்த்தேன் என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதி 1724-ல் ஒரு சிறு நூலாகவே வெளியிட்டார். தனக்குப் பிடிபடாமல் போனது அடுத்த டாக்டருக்காவது பிடிபடட்டும் என்பதுதான் அதன் பயன்.

ஆனாலும் உடனே வழி பிறக்கவில்லை. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வசதி வரவேண்டியிருந்தது. லண்டன் சர்ஜன் நார்மன் பாரெட், இந்தக் கிழிசலைத் தைத்து ஒருவரைக் காப்பாற்றியதை வெளியிட்டது 1947-ல்.

இன்றைக்கு எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மோட்டார் ஓடும்போது டேப்பை மூடினால் பைப்பில் பலவீனமான இடம் பிளந்துகொள்ளும் இல்லையா? அதுபோலத்தான். வயிறு வேகமாக மேலே தள்ளும் நேரத்தில் தொண்டைப் பக்கம் திறக்காவிட்டால், அழுத்தம் முழுவதும் உணவுக்குழாயில் இறங்கும். பெரும்பாலும் அதன் கீழ்ப்பகுதியில், இடது பக்கம் கிழியும்.

வாந்தி, அதற்குப் பிறகு கடுமையான நெஞ்சுவலி, கழுத்துப் பக்கம் தோலுக்கடியில் காற்று. இந்த மூன்றும்தான் முக்கிய அடையாளங்கள். கழுத்தை அழுத்தினால் நறநறவென்று இருக்கும். ஆனால் மூன்றும் எல்லோருக்கும் சேர்ந்து வருவதில்லை. அதனால்தான் ஹார்ட் அட்டாக், அல்சர் ஓட்டை, கணைய அழற்சி என்று குழம்ப இடம் இருக்கிறது. எக்ஸ்ரேயில் நெஞ்சுக்குள் காற்றோ நீரோ தெரியலாம். சி.டி. ஸ்கேனிலும், தண்ணீரில் கரையும் சாய மருந்தைக் குடிக்கவைத்து எடுக்கும் படத்திலும் கசிவு தெரியும். நெஞ்சில் தேங்கிய நீரை எடுத்து, அதில் உணவுத் துணுக்கும் எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ஸைமும் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். போயர்ஹாவே மூக்கால் கண்டுபிடித்ததைத்தான் இன்று லேப் கண்டுபிடிக்கிறது!

இதற்கு ஒரு தம்பி நோயும் உண்டு. மாலரி-வெய்ஸ் கிழிசல் என்று பெயர். 1929-ல் பாஸ்டன் டாக்டர்கள் இருவர் எழுதியது. இதில் உட்புறச் சவ்வு மட்டும் கிழியும். குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தபிறகு ரத்தம் வரும். பெரும்பாலும் தானாக நின்றுவிடும். எண்டோஸ்கோப்பியில் தெரியும். அதற்காக ரத்த வாந்தியை வீட்டில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கக் கூடாது.

நீங்கள் நினைவில் வைக்கவேண்டியது

போயர்ஹாவே நோய் அபூர்வம். சாதாரண வாந்திக்கெல்லாம் பயந்துவிடாதீர்கள். ஆனால் குடித்துவிட்டோ, சாப்பாடு ஒத்துக்காமலோ, பலமாக வாந்தி எடுத்த ஒருவர் திடீரென்று நெஞ்சைப் பிடித்தால், அதை கேஸ்னு முடிவு பண்ணி சோடாவோ சுக்குத் தண்ணியோ கொடுக்காதீர்கள். வாய்வழியாக எதுவுமே வேண்டாம். அந்தப் பிரபுவுக்குக் கொடுத்த எண்ணெய் எங்கே போனது என்று பார்த்தோமே!

உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். 24 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு நிச்சயம் கூடும். அதில் ஒரு பகுதியை சி.டி.எச். ரோடு டிராஃபிக்கே எடுத்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியாததா? டாக்டரிடம் நெஞ்சுவலி என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். முதலில் வாந்தி, அப்புறம்தான் வலி என்று வரிசையோடு சொல்லுங்கள். அந்த ஒரு வரி, டாக்டரின் யோசனையையே திருப்பிவிடலாம். முக்கியமாக, வலுக்கட்டாயமாக வாந்தி எடுக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

போயர்ஹாவே 1738 செப்டம்பர் 23-ல் லைடனில் காலமானார். நெதர்லாந்தின் தேசிய அறிவியல், மருத்துவ அருங்காட்சியகம் இன்று அவர் பெயரில்தான் லைடனில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போகமுடியாவிட்டால் பரவாயில்லை. அடுத்தமுறை மூக்கிரட்டை பறிக்கும்போது, தன்னால் காப்பாற்ற முடியாத ஒருவரைப் பற்றி ஒளிக்காமல் எழுதிவைத்த அந்த டாக்டரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.