ஈசிஜி-யை டெலிபோன் கம்பியில் அனுப்பியவர்! யார் இந்த ஐன்தோவன்?

சின்ன ஊர் மருத்துவமனையில் எடுத்த ஈசிஜி-யை மொபைலில் போட்டோ எடுத்து, நகரத்தில் இருக்கும் இதய மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவது இப்போ சர்வ சாதாரணம். எந்த ஊர் மெஷின், யார் எடுத்தது என்று தெரியாவிட்டாலும் அவர் படித்துவிடுவார். காரணம், அந்தக் கட்டங்களின் கணக்கு பெரும்பாலும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். அதைப் போட்டுக் கொடுத்தவர் வில்லெம் ஐன்தோவன்.

1860-ல், இன்றைய இந்தோனேசியாவின் ஜாவா தீவில் உள்ள செமராங் நகரில் பிறந்தவர். டாக்டரான அப்பா சீக்கிரமே இறந்துவிட, 6 பிள்ளைகளோடு அம்மா நெதர்லாந்து திரும்பினார். 25 வயதிலேயே ஐன்தோவனுக்கு லெய்டன் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியர் பதவி கிடைத்தது.

இதயத் துடிப்பின் மின்சாரத்தைப் பதிவு செய்யலாம் என்று லண்டனில் அகஸ்டஸ் வாலர் 1887-லேயே காட்டியிருந்தார். ஆனால் அந்தப் பாதரசக் கருவி ரொம்ப மந்தம். அலையின் உண்மையான வடிவம் அதில் கிடைக்காது. ஐன்தோவன் கணக்குப் போட்டு அதைத் திருத்தினார்; அலைகளுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயரும் வைத்தார். பிறகு கருவியையே மாற்றினார். காந்தத்துக்கு நடுவே வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழை. அது அசையும்போது விழும் நிழலை, நகரும் போட்டோ தகட்டில் பதிவு செய்தார். ஆமாம், அன்றைய ஈசிஜி நிஜமாகவே ஒரு போட்டோதான்!

மெஷினின் எடை சுமார் 270 கிலோ. இயக்க 5 பேர் வேண்டும். நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். மருத்துவமனையோ 1.5 கி.மீ தள்ளி இருந்தது. மெஷினைத் தூக்கிப்போக முடியாது, படுத்த படுக்கையாக இருப்பவரை இங்கே கொண்டுவரவும் முடியாது. அதனால் துடிப்பை மட்டும் டெலிபோன் கம்பி வழியாக வரவழைத்தார். முதல் பதிவு 1905 மார்ச் 22. அன்று மருத்துவமனையில் உட்கார்ந்தவர் நோயாளி இல்லை. ஆய்வகத்திலிருந்து சைக்கிள் மிதித்துப் போன ஆரோக்கியமான ஆள்.

ஆனால் கம்பியைவிட முக்கியமானது அளவுகோல். இழையை இறுக்கினால் அலை சிறுக்கும், தளர்த்தினால் உயரும். அதாவது ஒரே இதயம் இரண்டு நாளில் இரண்டு விதமாகத் தெரியும். அதனால் 1 மில்லிவோல்ட் கொடுத்தால் 10 மி.மீ உயர வேண்டும், 1 வினாடிக்கு 25 மி.மீ ஓட வேண்டும் என்று முடிவு செய்தார். இன்றைய ஈசிஜி தாளிலும் வழக்கமான அளவு அதேதான்.

இப்போ ஸ்கேன், எக்ஸ்ரே, தோல் நோய் போட்டோ எல்லாவற்றுக்கும் டைகாம் என்ற பொது ஃபார்மட் இருக்கிறது. ஜேபெக் படத்தையே உள்ளே வைத்து, யாருடையது, எப்போது எடுத்தது என்ற விவரங்களையும் அதே ஃபைலில் சேர்த்துவிடும். ஈசிஜி என்றால் அலையின் அளவும் வேகமும் கூடவே போகும். வாட்ஸ்அப் போட்டோவில் இதெல்லாம் கிடையாது. தாளின் ஓரத்தில் செவ்வக மேடு மாதிரி ஒரு குறி இருக்குமே, அது அளவைச் சொல்லும். சில மெஷின்களில் பாதி அளவில் எடுக்கும் வசதியும் உண்டு. போட்டோவை கிராப் செய்யும்போது அந்தக் குறி போய்விட்டால், பாதி உயர அலையை டாக்டர் முழு அளவு என்று நினைத்துப் படிக்க வாய்ப்பிருக்கிறது.

1924-ல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது ஐன்தோவன் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தார். 1927 செப்டம்பர் 29-ல் லெய்டனில் காலமானார்.