ஜோன் பென்னட்

ஜோன் பென்னட் (பிப்ரவரி 27, 1910 – டிசம்பர் 7, 1990) ஓர் அமெரிக்க நடிகை ஆவார். எழுபதுக்கும் மேற்பட்ட திரைப்படங்களில் நடித்த இவர், பின்னாளில் 'டார்க் ஷாடோஸ்' (1966–1971) என்ற தொலைக்காட்சித் தொடரின் எலிசபெத் காலின்ஸ் ஸ்டாடர்ட் பாத்திரத்தால் புதிய தலைமுறையினரிடம் அறிமுகமானார்.

இளமையும் திரைவாழ்வும்

நியூ செர்சி மாநிலத்தில், நாடகக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை ரிச்சர்ட் பென்னட் புகழ்பெற்ற மேடை நடிகர். அக்காள் கான்ஸ்டன்ஸ் பென்னட்டும் திரைப்பட நடிகையே. பொன்னிறக் கூந்தலுடன் நடித்துவந்த ஜோன், 1938இல் வெளியான 'டிரேட் விண்ட்ஸ்' படத்துக்காகக் கூந்தலைக் கருமையாக்கிக்கொண்டார். அதன்பின் அவருக்குக் கிடைத்த வேடங்களும் மாறின. இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கின் 'ஸ்கார்லெட் ஸ்ட்ரீட்' (1945) உள்ளிட்ட நான்கு படங்கள் இவரது சிறந்த காலத்தைச் சேர்ந்தவை.

1951 துப்பாக்கிச் சூடு

1940இல் தயாரிப்பாளர் வால்ட்டர் வாங்கரை மணந்தார். இது இவரது மூன்றாம் திருமணம். தம் மனைவிக்கும் அவருடைய முகவர் ஜென்னிங்ஸ் லாங்குக்கும் தொடர்பு இருப்பதாக ஐயுற்ற வாங்கர், 1951 டிசம்பர் 13 அன்று பெவர்லி ஹில்சில் ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் லாங்கைச் சுட்டார். லாங் உயிர் பிழைத்தார். அத்தகைய உறவு எதுவும் இல்லை என்று பென்னட் மறுத்தார். நான்கு மாதச் சிறைத்தண்டனை பெற்ற வாங்கர், விடுதலைக்குப் பின் மீண்டும் படங்கள் தயாரித்தார். சுடாதவரான பென்னட்டுக்கோ திரைப்பட வாய்ப்புகள் ஏறக்குறைய நின்றுபோயின. மேடையிலும் தொலைக்காட்சியிலும் நடித்துப் பிழைக்க வேண்டியதாயிற்று. இருவரும் 1965இல் மணவிலக்குப் பெற்றனர்.

டார்க் ஷாடோஸ்

மறு ஆண்டே டான் கர்ட்டிசின் 'டார்க் ஷாடோஸ்' ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. மெய்ன் மாநிலக் கடற்கரையில் உள்ள காலின்வுட் என்ற பழைய மாளிகையே கதைக்களம். அதன் தலைவியான எலிசபெத், 18 ஆண்டுகளாக மாளிகையை விட்டு வெளியேறாதவர். தம் கணவர் பாலைத் தாமே கொன்றுவிட்டதாகவும், உடல் நிலவறையில் புதைக்கப்பட்டிருப்பதாகவும் நம்பி அஞ்சி வாழ்பவர். கணவரின் செயலால் வாழ்க்கை முடங்கிய நடிகைக்கு இப்பாத்திரம் அமைந்தது வியப்புக்குரியது.

ஜேசன் மெக்குவயர் என்பவன் அந்த இரகசியத்தைக் காட்டி மிரட்டித் தன்னை மணக்குமாறு எலிசபெத்தைக் கட்டாயப்படுத்துகிறான். மணமேடையில் அவர் உண்மையை எல்லார் முன்னும் கூறிவிடுகிறார். நிலவறையைத் தோண்டியபோது உடல் எதுவும் இல்லை. பாலும் ஜேசனும் சேர்ந்து செய்த ஏமாற்று வேலை அது. (1967இல் ஜேசனாக நடித்த டென்னிஸ் பாட்ரிக், 1969இல் திரும்பி வரும் பாலாகவும் நடித்தார்.)

எலிசபெத்தின் இரகசியம் உடைவதற்குள் வேறோர் இரகசியம் மாளிகைக்குள் நுழைந்துவிட்டது. ஏப்ரல் 1967இல், இங்கிலாந்திலிருந்து வந்த உறவினர் என்று சொல்லிக்கொண்டு பார்னபாஸ் என்னும் இரத்தக் காட்டேரி வருகிறான். அவனாக நடித்த ஜோனதன் ஃபிரிட் பெரும்புகழ் பெற, கதையின் மையம் எலிசபெத்திடமிருந்து நகர்ந்தது. ஆயினும் பென்னட் விலகவில்லை. 1795ஆம் ஆண்டில் நிகழும் கதைப்பகுதியில் பார்னபாசின் தாய் நவோமியாக நடித்தார். மகன் என்னவாகிவிட்டான் என்பதை அறிந்ததும் நவோமி நஞ்சருந்தி இறக்கும் பகுதி, தொடரில் இவரது மிகச் சிறந்த நடிப்பு எனலாம். 1968இல் எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

இறுதிக் காலம்

1977இல் தாரியோ அர்ஜென்டோவின் 'சஸ்பீரியா' என்ற இத்தாலியத் திகில் படத்தில் நடித்தார். 1990இல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கார்ஸ்டேலில், தமது 80ஆம் வயதில் காலமானார்.