தில்லையாடி வள்ளியம்மை சரிதம்

பிறர் துன்பத்தைத் தம் துன்பமாக மதித்து உயிர் கொடுத்தோர் உலகிற் சிலரே. அச்சிலருள் ஒருவராய்ப் பதினாறே ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த வள்ளியம்மையின் சரிதத்தை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

தரங்கம்பாடியை அடுத்த தில்லையாடி இவர்தம் முன்னோர் ஊர். தந்தையார் முனுசாமி முதலியார் தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகரத்தில் வாணிகம் செய்து வந்தார். 1898-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் அந்நகரத்தில் வள்ளியம்மை பிறந்தார்.

அந்நாட்டின் நேட்டால் பகுதியில் உள்ள கரும்புத் தோட்டங்களுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் நம்மவர் 5 ஆண்டு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். முதலாண்டு மாதக் கூலி 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தோர் அங்கே தம்மிச்சையாய் வாழவொட்டாதபடி, 1895-ஆம் ஆண்டுச் சட்டம் தலைக்கு ஆண்டொன்றுக்கு 3 பவுன் வரி விதித்தது. இஃது அம்முதலாண்டுக் கூலியில் ஆறு மாதத் தொகையாம். 1903-இல் 16 வயது கடந்த ஆண்மக்களையும் 13 வயது கடந்த பெண்மக்களையும் இவ்வரி பற்றியது. கொடுக்க இயலாதார் மீண்டும் கூலியாகக் கைச்சாத்திடவேண்டும். அன்றேல் நாட்டைவிட்டு நீங்கவேண்டும். அந்நாட்டுத் தொல்குடியினரான கறுப்பின மக்கள்மீதோ 1849 முதலே குடிசைவரி இருந்தது. இரண்டும் நிறத்தாற் பிரிக்கப்பட்டோரை வெள்ளையரிடம் கூலிக்குத் தள்ளும் வரிகளே.

1913-ஆம் ஆண்டு அக்டோபரில் நியூகாசில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். பல குலத்தாரும் பல மொழியினருமான ஆயிரக்கணக்கானோர் அதிற் சேர்ந்தனர். வள்ளியம்மை கூலிக்காரர் அல்லர்; வணிகர் மகள். இவ்வரி அவர் வீட்டைத் தீண்டவில்லை. எனினும் தம் வயதொத்த பெண்களையும் வாட்டிய கொடுமையைப் பொறாது, அன்னையாரோடு நேட்டாலுட் புகுந்து, தொழிலாளர் இருக்கும் இடந்தோறும் சென்று வேலையை நிறுத்துமாறு வேண்டினார். டிசம்பரில் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்று மாரிட்ஸ்பர்க் சிறையில் அடைபட்டார். அங்கே சுரங் கண்டு மெலிந்து, 1914 சனவரியில் விடுதலையாகி, பிப்ரவரி 22-ஆம் நாள், தாம் பிறந்த நாளிலேயே, உயிர் நீத்தார். அவ்வாண்டிலேயே 3 பவுன் வரி ஒழிந்தது.

அன்பர்களே! நம் குரும்பலூர்ப் பக்கத்து இளைஞரும் இந்நாளில் அயல்நாடுகளுக்குக் கூலிக்குச் செல்கின்றனர். அங்கே அவர்களை நிறங் கண்டு இகழ்வோரை நாம் வெறுக்கின்றோம். நம் புன்செய்யிற் பருத்தி எடுக்க வருவோரைக் குலங் கண்டு இகழ்ந்தால், அவ்வெறுப்பிற்குப் பொருள் யாது? அவர்க்குரிய கூலியை உரிய நாளில், உரிய மதிப்போடு கொடுப்பதே வள்ளியம்மைக்கு நாம் செய்யத்தக்க வழிபாடாம்.