ரம்முக்குப் பெயர் தந்த பாதிரியார்!

பாதிரியார் பெயரில் ஒரு மதுவா? ஆம்! மேற்கு இந்தியத் தீவுகளில் ஒன்றான மரி-கலாந்தில் வடிக்கப்படும் ஒரு ரம்முக்கு, "லாபா பாதிரியார்" என்றுதான் பெயர்.

லாபா 1663-ல் பாரிஸ் நகரில் பிறந்தார். துறவியானார். கணிதமும் தத்துவமும் கற்பித்தார். மார்ட்டினிக் தீவில் நோய் பரவி, பல பாதிரிமார்கள் இறந்து போனார்கள். "ஆள் வேண்டும்" என்று அங்கிருந்து கடிதம் வந்தது. லாபா கப்பல் ஏறினார். 1694 ஜனவரியில் தீவில் இறங்கினார்.

ஜெபம் செய்ததோடு அவர் நிற்கவில்லை. கட்டிடம் கட்டினார். 1703-ல் ஆங்கிலேயர் குவாடலூப் தீவைத் தாக்கியபோது, பீரங்கி அருகே நின்று போராடினார். நல்ல சாப்பாட்டுப் பிரியர் வேறு!

சபைக்குச் சொந்தமான கரும்புத் தோட்டம் கடனில் தத்தளித்தது. அதை நிமிர்த்தியவர் லாபா. சர்க்கரை காய்ச்சும் முறையைச் சீர்திருத்தினார். செம்பு வாலையில் சாராயம் வடிக்கும் முறையையும் திருத்தினார். அந்தக் காலத்துச் சாராயம் சர்க்கரை ஆலையின் நுரையிலும் கழிவுப் பாகிலும் வடித்தது. நாற்றம் அடிக்கும், தொண்டை எரியும். அடிமைகளும் ஏழைகளும்தான் அதைக் குடித்தார்கள்.

சவுக்கடி

தோட்டத்தில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். மந்திரவாதி என்று ஓர் அடிமையைப் பிடித்து, சுமார் 300 சவுக்கடி கொடுக்க வைத்தார் லாபா. பிறகு புண்ணில் மிளகாயும் எலுமிச்சையும் நசுக்கிய உப்பு நீரை ஊற்றினார்கள். காயம் அழுகாமல் இருக்க அது மருந்தாம்! இதை அவரே தம் நூலில் எழுதி வைத்தார். 6 பாகம் கொண்ட அந்த நூல் 1722-ல் வெளிவந்தது.

பின்னர் ஐரோப்பா திரும்பிய லாபா, மீண்டும் தீவைப் பார்க்கவில்லை. 1738-ல் பாரிசில் இறந்தார்.

அடிமை முறை 1848-ல் ஒழிந்தது. தோட்டத்துக்கு ஆள் இல்லை. 1853 முதல் புதுச்சேரி, காரைக்காலில் இருந்து தமிழர்களைக் கப்பலில் ஏற்றிச் சென்றார்கள். அவர்களும் அந்தக் கரும்பைத்தான் வெட்டினார்கள்.

பீட்ரூட் சர்க்கரை வந்து கரும்புச் சர்க்கரையின் விலை சரிந்தது. அதனால் சர்க்கரை காய்ச்சாமல், பச்சைக் கரும்புச் சாற்றையே புளிக்க வைத்து வடிக்கும் வழக்கம் பெருகியது. இதற்கு "விவசாய ரம்" என்று பெயர். மார்ட்டினிக்கில் "பழைய ரம்" என்று சொல்ல வேண்டுமானால், 3 ஆண்டுகளாவது ஓக் மரப் பீப்பாயில் கிடக்க வேண்டும். 1996-ல் வந்த விதி இது. வெப்பத்தில் ஆண்டுதோறும் ஒரு பங்கு ஆவியாகிவிடும். பல ஆண்டு கிடந்த பீப்பாயில் மிஞ்சுவது கொஞ்சம். எண் போட்ட சில நூறு பாட்டில்களாகக்கூட அதை விற்பது உண்டு.

சுவை அறிந்தவர்கள் அதை மடமடவென்று குடிப்பதில்லை. வாய் குறுகிய கோப்பையில் சிறிது ஊற்றி, காத்திருப்பார்கள். நெடி அடங்கியதும் முகர்வார்கள். முதலில் பச்சைக் கரும்பு வாசம். பிறகு மரம், வெனிலா, உலர்ந்த பழம். அதன் பிறகே ஒரு சொட்டு நாக்குக்குப் போகும்.

மார்ட்டினிக் தாய்மார்களோ லாபாவை வேறு விதமாக நினைவில் வைத்திருந்தார்கள். 1880-களில், இரவில் மலைமேல் விளக்கு ஒன்று நகர்ந்தால், "லாபா பாதிரியார் வருகிறார், பிடித்துக் கொண்டு போவார்!" என்று அடம் பிடிக்கும் குழந்தைகளை மிரட்டினார்களாம்.